எட்டுப் போட்டவள் மகள் ரவுண்டானாவில் தோற்ற கதை

1

என் மகள் ஜெசிந்தா மோட்டார் சைக்கிள் தேர்வில் இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டு வந்த அன்று சாயங்காலம், ஊரிலிருந்து என் தம்பி பெண்சாதி லூர்து போன் பண்ணினாள். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. கெட்ட செய்திக்கு மட்டும் காரைக்குடிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் கடலே கிடையாது.

"மதினி, அங்குட்டு ரோடெல்லாம் கண்ணாடி கணக்கா இருக்குமாமுல்ல. அதுல கூட ஓட்டத் தெரியலையாக்கும் ஜெசிக்கு?"

"கண்ணாடி மேல நீ ஒருநா ஓட்டிப் பாரு, வழுக்கி விழுந்து பல்லு போகும். வைடி போன" என்றேன்.

வைத்துவிட்டேனே தவிர ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நம் கோயில் பத்திரிகையான பங்கு மலரில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். ஒருவர் பனி விழுந்ததை எழுதுவார், இன்னொருவர் ஆப்பிள் பறித்ததை எழுதுவார். ரோட்டில் எப்படிப் போய் வருகிறார்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. பறந்தே போகிறார்கள் போல. நான் வருகிற மாதா திருவிழாவோடு இங்கே வந்து ஒன்பது வருஷம். நான் ரவுண்டானாவைப் பற்றி எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் வேண்டும். எழுத்துப் பிழையை அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொன்னதைத் திருத்த வேண்டாம்.

2

நாங்கள் இருப்பது பெரிய ஊர் அல்ல. ஆனால் ரவுண்டானாவுக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஜெசிந்தா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போக ஏழு ரவுண்டானா. நடுவில் சிலை கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது, கட்சிக் கொடி கிடையாது. வெறும் புல். சிலதில் ஒரு மரம். எதைச் சுற்றுகிறோம் என்று தெரியாமலே ஊரே சுற்றுகிறது.

வருகிற கார் எல்லாம் கோட்டுக்கு முன்னால் நின்று வலப்பக்கம் பார்க்கும். வலப்பக்கம் காக்காய்கூட வராது. அப்புறமும் நிற்கும். உள்ளே சுற்றுகிறவனுக்குத்தான் முதல் உரிமையாம், புதிதாக வருகிறவன் காத்திருக்க வேண்டுமாம். நம் ஊரில் பெரிய வண்டிக்கு முதல் உரிமை. அதற்குப் புத்தகம் படிக்க வேண்டியதில்லை, பஸ்ஸின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எனக்கு இந்த இரண்டு முறைகள் மேலும் மதிப்பில்லை. அங்கே பயமில்லாதவன் போகிறான், இங்கே பயந்தவன் எல்லாம் வரிசையாகப் போகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சிவகங்கைக்குப் போய் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவள். தரையில் எட்டு வரைந்திருக்கும். காலை ஊன்றாமல் அதன் மேல் ஓட்டிக் காட்ட வேண்டும். அன்றைக்கு என்னோடு வந்த ஆம்பளைகளில் மூன்று பேர் கால் ஊன்றினார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு எட்டுப் போட்டேன். ஒன்று போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. ஒரு எட்டில் இரண்டு பூஜ்யம் இருக்கிறது. அதில் ஒரு பூஜ்யத்தை ஒழுங்காகச் சுற்றவில்லை என்று இங்கே என் மகளைத் தோற்கடித்து அனுப்புகிறார்கள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு இருபத்திரண்டு வருஷம் மொபெட்டில் காரைக்குடிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றினேன். பக்கத்துக்கு ஒன்றாக இருபது லிட்டர் கேன் இரண்டு. மூடியைச் சுற்றித் துணி வைத்து இறுக்கியிருப்பேன். வண்டி சாய்ந்தால் பால் தளும்பும், துணி நனையும். நனைந்திருந்தால் டீக்கடைக்காரன் விடமாட்டான்.

"என்ன சவரியம்மா, ரோட்டுக்கும் ஊத்திட்டு வாரீகளா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அதைக் கேட்டது மூன்றே தடவை.

கேன் மாட்டிய வண்டி ரவுண்டானாவில் ஓரமாகப் போக முடியாது. ஓரத்தில் திட்டு இருக்கும், தள்ளுவண்டி இருக்கும், ஆட்டோக்காரன் கதவைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருப்பான். கேன் உரசும். அதனால் நடுவில் போவேன். எனக்குப் பின்னால் வருகிறவன் பின்னாலேயே வர வேண்டியதுதான். ஒருநாள் ஒரு மினி பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"ஏ பால்காரம்மா, ஓரமா போத்தா!"

ரவுண்டானாவின் நடுவிலேயே வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன். பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் எல்லாமும் நின்றது.

"ஓரம் பூரா ஒங்க டிரைவரு துப்புன வெத்தல எச்சியாக் கெடக்கு. அங்குட்டு நீ போய்யா" என்றேன்.

பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வழியில் ஓடிய எந்த பஸ்ஸும் என்னை ஓரமாகப் போகச் சொன்னதில்லை.

3

ஜெசிந்தா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பதினேழு வருஷம். கத்தியை டாக்டர் கேட்பதற்கு முன்னால் கையில் வைக்கிறவள் என்று இங்கே பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார். போன வருஷம் தியேட்டரை ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஏழே காலுக்குத்தான் அங்கே போய்ச் சேர்கிறது. காரில் போகலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு கார்தான் இருக்கிறது, அதற்குள் மாப்பிள்ளை இருக்கிறார். அவர் வேலை நேர் எதிர்த் திசை.

அதனால் அவள் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்து ஒன்றை மாட்டிக்கொண்டு, கற்றுக்கொள்கிறவள் என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்த அட்டைக்கும் ஆயுசு உண்டு. முடிவதற்குள் தேர்வில் தேறாவிட்டால் முதலிலிருந்து வகுப்பு, தாள், வரிசை, எல்லாம்.

முதல் தேர்வில் தோற்றதற்குக் காரணம் கேளுங்கள். ரவுண்டானாவுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மாதா கோயில். ஜெசிந்தா கோயிலைப் பார்த்ததும் வலது கையை எடுத்துச் சிலுவை போட்டிருக்கிறாள். வலது கை ஆக்சிலேட்டர் கை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியிருக்கிறது. தேர்வு நடத்துகிற அதிகாரி பின்னாலேயே வந்து பார்த்து, 'காரணமில்லாமல் கையை எடுத்தார்' என்று எழுதிவிட்டார். காரணமில்லாமலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலில் எண்ணி முப்பது பேர், அதில் பாதி நம் கேரளாக்காரர்கள். இவர்களுக்குக் காரணம் எப்படித் தெரியும்?

இரண்டாம் தேர்வில் தோற்றது வேறு மாதிரி. ஒரு பெரிய ரவுண்டானா. ஒரே லேன்தான், ஆனால் அகலமானது. ஜெசிந்தா வலது பக்கத்து ரோட்டுக்குப் போக வேண்டும். இடது ஓரத்தை ஒட்டியே சுற்றியிருக்கிறாள். பின்னால் வந்த கார்க்காரன் இடம் இருக்கிறதே என்று அவளுக்கு வலப்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டான். அவன் நேராகப் போகிறவன். வெளியே போக, அவள் முகத்துக்கு முன்னால் வெட்டித் திரும்பினான். இவள் பிரேக்கைப் பிடித்து, கால் ஊன்றி, எப்படியோ விழாமல் நின்றாள். தவறு அவன் மேல். தோற்றது இவள். தாளில் ஒரே ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். லேனில் நிற்கும் இடம் சரியில்லை என்று அதற்கு அர்த்தம்.

சாப்பிடும்போது மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"விட்டுருவோம் அத்தை. நம்ம பொம்பளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு? பக்கத்துத் தெருவுலயே முதியோர் இல்லத்துல ஆள் கேக்குறாங்க. நடந்தே போகலாம்."

"அங்க தியேட்டர் இருக்கா மாப்பிள்ளை?"

"முதியோர் இல்லத்துல தியேட்டர் எதுக்கு அத்தை?"

"அப்ப இவ எதுக்கு?"

அவர் ரசத்தைக் குடித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் இருபது வருஷமாக ஒரே வேகத்தில் கார் ஓட்டுகிறவருக்கு மனசும் அந்த வேகத்திலேயே நின்றுவிடுகிறது. மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு தேர்வு பாக்கி. அதில் தோற்றால் ஜெசிந்தா தியேட்டரை விட்டுவிட்டுக் கிழவர்களுக்குப் போர்வை மாற்றப் போக வேண்டியதுதான் என்று, பேச்சில்லாமலே, வீட்டில் முடிவாகிவிட்டது.

4

ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் பெயர் டெபி. அறுபது வயது இருக்கும். வெள்ளை முடியை ஒற்றைச் சடை போட்டு, இரண்டு கையிலும் தோள்வரை பச்சை குத்தியிருப்பாள். நம் பக்கத்துக் கிழவிகளிடம் இருப்பதைவிட அதிகம். இவளிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி ரோஸையும் கூட்டிக்கொண்டு போனேன். ரோஸுக்குப் பதினொரு வயது. எனக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவில் அவள்தான் பாலம். ஆடுகிற பாலம்.

இரண்டாம் தேர்வில் தோற்ற அதே ரவுண்டானா. டெபி பின்னால் ஓட்டிக்கொண்டே ஜெசிந்தாவின் காதில் மாட்டிய கருவியில் கத்தினாள். மூன்று சுற்று முடித்து ஓரத்தில் நிறுத்தியதும் நேரிலும் கத்தினாள்.

"என்னடி சொல்றா?" என்று ரோஸைக் கேட்டேன்.

"மம்மி அவங்க சந்தை சொந்தமா எடுத்துக்கணுமாம், அம்மாச்சி."

"எந்தச் சந்தைய? திருப்பத்தூர்ச் சந்தையவா?"

"சந்து, அம்மாச்சி! லேன்னா சந்துதானே? தமிழ் ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க."

வாரத்துக்கு ஒரு மணி நேரம் கற்கிற தமிழ் இதுதான். லாரி போகிற ரோட்டைச் சந்து ஆக்கிவிட்டது பிள்ளை. ஜெசிந்தாவே ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எனக்குச் சொன்னாள். ஒரு லேனை மனசுக்குள் மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். காரின் இடது சக்கரம் ஓடுகிற தடம், நடு, வலது சக்கரம் ஓடுகிற தடம். நட்ட நடுவில் எண்ணெய் சொட்டியிருக்கும், வழுக்கும். இடது ஓரத்தில் பொடிக்கல் ஒதுங்கிக் கிடக்கும், அதுவும் வழுக்கும். வலது பக்கம் போகிறவள் வலது சக்கரத் தடத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் பின்னால் வருகிறவன் கண்ணுக்கு முழு வண்டியாகத் தெரிவாள், பக்கத்தில் வந்து சேர அவனுக்கு இடமும் இருக்காது. வெளியே போகும்போது இடது இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம்தான் திரும்ப வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு ஒரு வகுப்பா? இதற்கு ஒரு கருவியா? யாரும் சொல்லித்தராமல் இரண்டு கேனோடு இருபத்திரண்டு வருஷம் நான் செய்தது இதைத்தான். இவர்கள் இதற்குப் பெயர் வைத்துத் தாளில் கட்டம் போட்டிருக்கிறார்கள்.

அப்போது டெபி என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். ரோஸ் சொன்னாள்:

"இப்படி ஓரத்துலயே போக மம்மிக்கு யார் பழக்குனாங்கன்னு கேக்குறாங்க."

"அவ புருஷனா இருக்கும்" என்றேன்.

ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. டெபியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீதாம்மா."

5

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏண்டி, அந்தப் பச்ச குத்துனவ முன்னாடி என்னய எதுக்குடி இழுத்த? நான் எப்படி ஓட்டுனேன்னு ஊருக்கே தெரியும்."

"நீ எப்படி ஓட்டுனன்னு தெரியும். எனக்கு என்ன சொன்ன? நர்சிங் படிக்கப் போகையில ஒன் மொபெட்ட எடுத்தேனே, வாசல்ல நின்னு என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"'ஓரமா போ. பொம்பளப்புள்ள நடுவுல போனா ஊரு பேசும்.' தெனமும் சொன்ன. இங்க வந்தும் விடல. இன்னைக்குக் காலையில கூட கேட்டு வாசல்ல நின்னு, 'பாத்து, ஓரமா போ'ன்ன. ஹெல்மெட்ட மாட்டுனா எனக்குள்ள டெபி கேக்க மாட்டேங்குறாம்மா, நீதான் கேக்குற."

"அது சும்மா சொல்றதுடி. எல்லாரும் சொல்றதுதான்."

"நீ மட்டும் நடுவுல போன."

"என்கிட்ட கேன் இருந்துச்சு."

"என்கிட்ட உசுரு இருக்கு."

என்னிடம் எப்போதும் பதில் உண்டு. அன்றைக்கு எந்தப் பதிலும் எனக்கே பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். மினி பஸ்ஸை நிறுத்திய கதை எனக்குப் பெருமை. ஆனால் நர்சிங் படிக்கையிலேயே ஜெசிந்தாவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அது பெருமையாக இல்லை. நேமத்தான்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. காபி குடித்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம் சொல்லிவிட்டார்களாம், "ஆத்தாக்காரி நடுரோட்டுல பஸ்ஸ நிறுத்துறவ, மக வீட்டுல யார நிறுத்துவாளோ" என்று. அடுத்து வந்த இடமும் அதையே கேட்டது. நான் என்ன செய்தேன்? அந்த மனுஷர்களைக் கேவலமாக நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் வாசலில் நின்று, அவர்கள் பேச்சுக்குப் பயந்து என் மகளை ஓரமாகப் போகச் சொன்னேன். கண்டக்டர் சொன்னபோது ஸ்டாண்டு போட்டு நிறுத்திய அதே வார்த்தையை என் வாயாலேயே அவளுக்குக் கொடுத்தேன். அவள் அதைப் பத்திரமாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

நான் மதிக்காதவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டியலில் வருகிற கூட்டத்துக்கே இடம் போதாது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கே அதில் ஒரு இடம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து நாள் காலையில் அவள் கிளம்பும்போது கேட்டுப் பக்கம் போகாமல் அடுப்படியிலேயே இருந்துகொண்டேன். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். என்னிடமிருந்து என்னவோ எதிர்பார்க்கிறாள் என்று தெரியும். அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டால், ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும்போது வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எண்பதைத் தொடுகிற வயதில் இதற்கு நான் எந்த வகுப்புக்குப் போவது?

6

தேர்வு அன்று காலையில் மாப்பிள்ளை காரை எடுக்கும்போதே தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒண்ணும் கவலைப்படாத ஜெசி. தோத்துட்டா போன் பண்ணு. நான் வந்து கூட்டியாரேன்."

இதற்குப் பெயர் தைரியம் சொல்வதாம்.

அவர் போனபிறகு ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டினாள், கையுறையை மாட்டினாள், வண்டியைக் கிளப்பினாள். நின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை மேலே தூக்கினாள். பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். மாத்திரை விழுங்குகிற மாதிரி இருந்தது.

"நடுவுல போ" என்றேன்.

"என்னம்மா?"

காதில் விழுந்திருக்கும். இரண்டாம் தடவை சொல்லவைக்கிறாள். என் மகள்தானே.

"நடுவுல போடி. எவன் ஹாரன் அடிச்சாலும் அடிக்கட்டும், பின்னாலயே வரட்டும். அந்தக் கோயிலப் பாத்தா மனசுக்குள்ள சிலுவ போட்டுக்க. கைய எடுக்காத."

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனாள். எங்கள் தெருமுனையில் சின்ன ரவுண்டானா ஒன்று இருக்கிறது. ஏழில் முதலாவது. கேட்டில் நின்றால் தெரியும். பின்னால் ஒரு வெள்ளைக் கார் மூக்கை நுழைத்துப் பார்த்தது. அவள் இடம் கொடுக்கவில்லை. லேனில் தன் தடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றினாள். வண்டி அளவாகச் சாய்ந்தது. கேன் மாட்டியிருந்தால் துணி நனைந்திருக்காது. அந்தக் காருக்கு அவள் பின்னாலேயே போவதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்குப் பிறகு அன்றைக்கு நான் ஜெபமாலையை எடுத்தேன். வேண்டிக்கொள்ள அல்ல. கைக்கு வேலை வேண்டியிருந்தது.

சாயங்காலம் நாலரைக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா வந்து, வீட்டுக்குள் கார் போகிற பாதையின் நட்ட நடுவில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டாள். பின்னால் மஞ்சள் அட்டை இல்லை. சிவப்பு அட்டை இருந்தது. தேறியவர்களுக்குத்தான் சிவப்பு. ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள். ரோஸ் ஓடிவந்து அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் என்னவோ கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் கார் வந்தது. பாதையில் வண்டி நிற்கிறது. ஹாரன் அடித்தார். இந்த ஊரில் ஹாரன் அடித்து நான் கேட்டதே குறைவு. சொந்த வீட்டுக்கு முன்னால் அடிக்க மட்டும் அவருக்குத் தெரிகிறது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஜெசி, வண்டிய ஓரமா எடுத்து வை."

ஜெசிந்தா பூட்ஸின் கயிற்றைப் பிடித்தபடியே அண்ணாந்து என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

நான் ஹெல்மெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையின் நடுவில், அந்த வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சுத்தி வாங்க, மாப்பிள்ளை" என்றேன்.